வெந்நீரில் சாகாதது

ரத்தம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்பதுதான் முதல் விதி. அதுவும் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் ரத்தம் முட்டை வெள்ளையைப் போல இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கத்தரிக்கோலைத் திருகு கழற்றி இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடுக்கிகளின் பற்களுக்கு நடுவில் பிரஷ்ஷை விட்டுத் துலக்க வேண்டும். சோப்புப் போட்டு அலசிய பிறகுதான் கொதிக்கிற தண்ணீர். அதில் கொஞ்சம் சோடா உப்பைப் போட்டால் துரு ஏறாது. கொதித்ததைக் கையால் தொடாமல் கார்பாலிக் என்ற கிருமிநாசினி கலந்த நீருள்ள தட்டில் இறக்க வேண்டும்.

இதை நான் மதராஸில் ஹாஸ்பிடல் அசிஸ்டெண்ட் படிப்பில் கற்றுக்கொண்டேன். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் தினமும் செய்தேன். கல்கத்தாதான் அப்போது தலைநகரம்; டில்லிக்கு மாறும் என்ற பேச்சே எழுந்திருக்கவில்லை. என் அண்ணா அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் உத்தியோகத்தில் இருந்தார். என்னைவிட மிகவும் மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது, வேலைக்குச் சொல்லி வைத்து வரவழைத்தது எல்லாம் அவர்தான். ஒரு வங்காளியின் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். அண்ணா, மன்னி, நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொல்லைக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும் என்பது மன்னியின் சட்டம். குளித்தாலும் கார்பாலிக் வாடை விரல்களை விட்டுப் போகாது. மோர் சாதத்தில்கூட அது வரும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர். வங்காளி. ஒல்லியாக, உயரமாக, எப்போதும் எதையோ காது கொடுத்துக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடப்பார். நாங்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் எதிரில் என்னை ‘மதராஸி பாபு’ என்பார். அவருடைய ஆபரேஷன் அறை கட்டடத்தின் பின்கட்டில் இருந்தது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக் குதிரை வண்டிகளின் லாயம். காற்றடித்தால் வைக்கோல் தூசி ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக உள்ளே வரும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கல்கத்தாவில் குதிரை இல்லாத தெரு எங்கே இருந்தது?

முதலில் இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பீகார்க்காரர். உள்ளங்கையில் சீழ்க்கட்டி. டாக்டர் கீறிவிட்டார், ஆறிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாசலில் வந்து நின்றார்.

“பாபு, பொரி மெல்ல முடியலை. தாடை பிடிச்சுக்கிட்டிருக்கு.”

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. தனுர்வாதம். வங்காளிகள் ‘தனுஷ்டங்கார்’ என்பார்கள். இரண்டிலும் வில் இருக்கிறது. உடம்பு வில்லாக வளையும். பின்தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட்டுக்கொண்டிருக்கும். ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் போதும், மறுபடி வளைந்துவிடும். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அதுதான் பார்க்க முடியாதது. அவரை இருட்டறையில் வைத்து, நாங்கள் செருப்பில்லாமல் நடந்தோம். பிழைக்கவில்லை.

“சணல் மூட்டை, ஆணி, சேறு. கத்தி படுவதற்கு முன்பே புண்ணுக்குள் போயிருக்கும்” என்றார் டாக்டர். நியாயமாகத்தான் பட்டது. துறைமுகத்துப் புண்ணில் அது வருவது புதிதல்ல.

இரண்டாவது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. தோளில் கொழுப்புக் கட்டி. புண் இல்லை, சீழ் இல்லை, சுத்தமான தோல். டாக்டர் அறுத்து எடுத்துத் தையல் போட்டார். தையல் பிரிக்க வந்தபோது அந்த அம்மாள் சந்தோஷமாக இருந்தாள். சில நாள் கழித்து வாத்தியார் மட்டும் வந்தார்.

“தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள் என்று நினைத்தேன். விழித்த பிறகும் விடவில்லை” என்றார்.

டாக்டர் அவருடனேயே போனார். போனவர் மறுநாள்தான் திரும்பினார். தன் அறைக்குப் போகாமல் நேரே நான் இருந்த அறைக்கு வந்து, தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாள் போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

“எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள்?”

“அரை மணிக்கு மேலே, சார். நீங்களும் இருந்தீர்கள்.”

“இருந்தேன். கொதித்ததைப் பார்த்தேன்.” கத்தியைத் தட்டில் வைத்தார். “கிருமி இதில் இருந்தது என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.”

பிறகு போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்தார். லாயத்தில் ஒருவன் சாணத்தை வாரிக்கொண்டிருந்தான். உலர்ந்த சாணத்திலிருந்து பொடி எழும்பி வெயிலில் மிதந்தது. டாக்டர் அதைப் பார்த்தபடியே விளக்கினார். அந்தக் கிருமி குதிரையின் குடலில் வாழ்கிறது. வெளியே வந்து காய்ந்தால் சாவதில்லை. விதைபோலத் தன்னைச் சுருட்டிக்கொண்டு தூசியில் கிடக்கும். மற்ற கிருமிகள் கொதிநீரில் சில நிமிஷங்களில் செத்துவிடும். இது அந்த விதைக்குள் உயிரோடு இருக்கும்.

“எவ்வளவு நேரம் தாங்கும், சார்?”

“சில சமயம் ஒரு மணி. சில சமயம் அதற்கு மேலும். யாருக்குத் தெரியும்?”

அன்றிலிருந்து நான் பாதி நாள் கொதிக்க வைத்தேன். தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றினேன். ஜன்னலை ஆணி அடித்து மூடி, இடுக்குகளில் காகிதம் ஒட்டினோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைக் கிருமிகளைக் கொல்லும் ரசகர்ப்பூரத் தண்ணீரால் கழுவினோம். ஆனாலும் ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் ஆவி விலகி அந்த இரும்புகள் பளபளவென்று தெரியும்; அந்தப் பளபளப்பை என்னால் நம்ப முடியவில்லை. வேறு அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரியும், இல்லை மூக்குக்குத் தெரியும். இதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கத்தரியின் திருகுப் பள்ளத்தில் இருக்கலாம். என் நகக்கண்ணில் இருக்கலாம். சாதத்தைப் பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணா ஒரு நாள் கேட்டார். “என்னடா, கையையே பாத்துண்டு உக்காந்திருக்கே?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மன்னியும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் என் தட்டும் டம்ளரும் தனியாகக் கழுவி, தனி மாடத்தில் கவிழ்க்கப்பட்டிருந்தன.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்போது ஆஸ்பத்திரியின் தர்வான், வாசல் காவல்காரர், தன் கழுத்தில் இருந்த நீர்க்கட்டியை எடுத்துவிடும்படி டாக்டரை நச்சரிக்க ஆரம்பித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் இந்த உருண்டையோடு நிற்க முடியாது என்றார். டாக்டர் தட்டிக் கழித்துப் பார்த்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார். அன்று காலையிலிருந்து மத்தியானம்வரை கத்திகள் கொதித்தன. சின்ன வேலை, முடித்துவிட்டோம்.

தர்வான் கடுகடுப்பானவர். எனக்கு ஒரு நாளும் சலாம்கூட வைத்ததில்லை. ஒரு நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது அவர் தன் முக்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணம் நெருங்குகிற சந்தோஷம் என்று நினைத்து நானும் சிரித்தேன். படியில் கால் வைத்த பிறகுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. புருவம் மேலே ஏறியிருந்தது. கண்கள் மட்டும் என்னை விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தன. அவர் சிரிக்கவில்லை.

அவரும் தனுர்வாதத்தில் இறந்த பிறகு டாக்டர் ஆபரேஷன் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மூடிய பாத்திரத்தில் நீராவியை அழுத்திக் கொதிநீரைவிட அதிகச் சூட்டில் வேகவைக்கும் எந்திரம் சீமையில் கிடைத்தது. அதற்கு எழுதிப் போட்டார். கப்பலில் வர மாதங்கள் ஆகும். அதுவரை கத்தி வைக்க வேண்டிய நோயாளிகளை வண்டியில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். லாயத்துச் சொந்தக்காரனிடம் டாக்டர் பேசிப் பார்த்தார். என் குதிரைகள் இருபது வருஷமாக இங்கேதான் நிற்கின்றன என்று அவன் சொல்லிவிட்டான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கல்கத்தாவில் மழை இரண்டு நாளைக்கு விடாமல் கொட்டினால் தெருவெல்லாம் குளம். டிராம் நின்றது. சாக்கடையும் கங்கையும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கூரை ஒழுகி டிரங்குப் பெட்டி நனைகிறது என்று அண்ணா அதைத் தூக்கி நகர்த்தப் போனார். அவருக்குப் பல வருஷமாகக் குடலிறக்கம் உண்டு. தோல் பெல்ட் கட்டிக்கொள்வார். அன்று கட்டியிருக்கவில்லை.

நான் ஓடிப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“எப்பவும் படுத்துண்டா உள்ளே போயிடும். இன்னிக்குப் போக மாட்டேங்கறது.”

தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. தொட்டதும் துடித்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். குடல் வெளியே வந்து முறுக்கிக்கொண்டு ரத்தம் ஓடாமல் நிற்கிறது. அறுத்து விடுவிக்காவிட்டால் அழுகிவிடும். இதைப் படித்திருந்தேன், பார்த்துமிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. டிராம் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், குதிரை நீந்தவா செய்யும் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரி பக்கத்தில் மேட்டில் இருந்தது. கீழ் வீட்டு வங்காளிப் பிள்ளைகள் நான்கு பேர் கயிற்றுக் கட்டிலைத் தோளில் வைத்துத் தூக்கினார்கள். மன்னி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள். தண்ணீரில் செத்த எலி ஒன்று எங்களோடு கூடவே மிதந்து வந்தது.

பாதி வழியில் அண்ணா என் கையைப் பிடித்தார். “அந்த ரூமுக்கா கொண்டு போறே?”

“டாக்டர் கையாலேயே உள்ளே தள்ளிடுவார் அண்ணா. நீங்கோ பேசாதேங்கோ.”

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். உடனே வந்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, வெகு நேரம் மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“சாயங்காலம்வரை விட்டால் குடல் செத்துவிடும்” என்றார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வராந்தாவின் கோடியில் அந்தப் பூட்டிய கதவு. இரண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்த அறை வேண்டாம். தெருப்பக்கத்து முன்னறையில் மேஜை போடலாம். ஆனால் கத்திகள்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “கொதிநீர் போதவில்லை. காய்ந்த சூடு வேண்டும். மெடிகல் காலேஜ் பரிசோதனைச் சாலையில் அதற்கு ஒரு அடுப்பு இருக்கிறது. ஆனால் அது தண்ணீருக்கு அந்தப் பக்கம்.”

“எவ்வளவு சூடு, சார்?”

“பஞ்சை உள்ளே வைத்தால் தீப்பிடிக்காமல் பழுப்பாக வேண்டும். ரொட்டி சிவக்கிற சூடு.”

சொன்னவர் நிறுத்தினார். எங்கள் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கிடங்கு இருந்தது. கப்பல்களுக்குப் பாவுரொட்டி போடுகிற ஒரு முதியவர். எல்லாரும் சாச்சா என்பார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் நாங்கள் இருவரும் வருவோம்.

“கத்திகள் முனை மழுங்கிப் போகும்” என்றார் டாக்டர். “போகட்டும். ஒரு தடவை வெட்டினால் போதும்.”

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து மூடி போட்ட ஒரு இரும்புப் பாத்திரத்தை எடுத்து, கத்திகள், இடுக்கிகள், கத்தரி, ஊசிகள் எல்லாவற்றையும் துலக்கித் துடைத்து அடுக்கினோம். பட்டு நூல் கருகிவிடும் என்று தையலுக்கு வெள்ளிக் கம்பியை வைத்தார் டாக்டர். மேலே துணிகள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு துண்டுப் பஞ்சு. அண்ணாவின் பக்கத்தில் அவர் இருந்தார். நான் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

சாச்சா சாயங்கால ரொட்டிக்காக அடுப்பை மூட்டி முடித்து, உள்ளே இருந்த தணலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ரொட்டித் துடுப்பைச் சுவரில் சாய்த்தார்.

“அந்த மூட்டைக்காரன் வாய் பூட்டிப் போனானே, அதே கத்தியா?”

“அதே கத்திதான் சாச்சா.”

“அவன் என் கடைக்குப் பின்னாலேதான் குடியிருந்தான். அவன் செத்ததை நான் பார்த்தேன்.” அடுப்பைக் காட்டினார். “அது என் அடுப்புக்குள்ளே விழுந்தா என் ரொட்டியிலே ஏறாதா?”

“டாக்டர் பாபு ஏறாதுன்னு சொல்றார். இந்தச் சூட்டிலே ஒண்ணும் மிஞ்சாதாம்.”

“போன தடவையும் அரை நாள் கொதிச்சா மிஞ்சாதுன்னு நம்பித்தானே டாக்டர் பாபு அறுத்தார்?”

அவர் சொன்னது நிஜம். பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்தேன்.

“உள்ளே யார் படுத்திருக்கிறது?”

“என் அண்ணா.”

சாச்சா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். பிசைந்து வைத்திருந்த மாவை ஈரத் துணியால் மூடி ஓரமாகத் தள்ளச் சொன்னார். ஆட்களிடம், இன்றைக்கு ரொட்டி இல்லை என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் துடுப்பில் ஏற்றி அடுப்பின் நடுவே தள்ளினார். இரும்புக் கதவைச் சாத்தி, ஓரங்களில் ஈர மாவைப் பூசினார்.

அடுப்புக்கு எதிரே சாக்கு மூட்டையில் உட்கார்ந்தேன். வெளியே மழை, உள்ளே செங்கல்லின் அனல். ரொட்டி மணம் ஊறிப்போன அந்த இடத்தில் சூடான இரும்பின் வாடை மெதுவாக எழுந்தது. அண்ணாவின் குடல் நிறம் மாறிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். சீக்கிரம் எடுத்தால் அந்த விதை மிஞ்சும். தாமதித்தால் குடல் மிஞ்சாது. எது அவரைக் கொல்லும் என்பதை நான் இங்கே உட்கார்ந்து தீர்மானிக்கிறேன் என்று பட்டது. இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் சாச்சா உட்காரச் சொன்னார். “சூடு செங்கல்லிலிருந்து இறங்கி உள்ளே போகணும். அவசரப்பட்டா மேலே கருகும், உள்ளே மாவா இருக்கும்.”

கடைசியில் கதவைத் திறந்து, நீண்ட கொக்கியால் மூடியை ஒரு விரற்கடை தூக்கினார். பஞ்சு தேநீர் நிறத்தில் இருந்தது. மூடியைச் சாத்தி இழுத்தார். இன்னும் அனலடித்த பாத்திரத்தைப் பலகையில் வைத்துக் கயிறு கட்டி இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். சாச்சா தன் குடையை விரித்துக்கொண்டு கூடவே வந்தார். குடையைத் தன் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. பாத்திரத்துக்கு மேல் பிடித்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, முட்டளவுத் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசல்வரை அப்படியே நடந்தார்.

முன்னறையில் மேஜை தயாராக இருந்தது. குளோரோஃபார்ம் கொடுப்பது எப்போதும் என் வேலை.

“வேறு ஆள் இல்லை. உங்களால் முடியுமா?” என்று டாக்டர் கேட்டார். முடியும் என்றேன்.

அண்ணாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. “நன்னா வெந்துதா?” என்றார்.

“பக்கத்திலேயே உக்காந்து பாத்தேன் அண்ணா.”

“கண்ணாலே பாத்தியா?”

“பஞ்சு பழுப்பானதைப் பாத்தேன்.”

“சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாத்திரத்தைத் திறந்தபோது ஒரு இடுக்கியின் ஈயத்தால் பற்றுவைத்த பிடி உருகிக் கழன்று கிடந்தது. கத்திகள் நீலம் பாரித்திருந்தன. முதல் கீறல் விழவில்லை. டாக்டர் அதே கோட்டில் மறுபடி அழுத்தி இழுத்தார். மழுங்கிய கத்தி தோலில் ஓடுகிற சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நான் அண்ணாவின் மூச்சையும் நாடியையும் கவனிக்க வேண்டியவன். ஆனால் என் கண் அந்தக் கத்தியை விட்டு வரவில்லை. வெளியே வந்த குடல் நாவல்பழக் கறுப்பாக இருந்தது. டாக்டர் இறுக்கத்தை அறுத்து விடுவித்து, சூடான துணியால் அதைப் பொத்திக்கொண்டு நின்றார். வெகு நேரம் கழித்துத் துணியை விலக்கினார். கறுப்பு சிவப்பாகிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி, வெள்ளிக் கம்பியால் தைத்தார்.

அத்தோடு ஒரு பயம் முடிந்தது. மற்றது தொடங்கியது.

ஒவ்வொரு காலையும் நான் கட்டிலருகே போய், “அண்ணா, வாயைத் திறங்கோ” என்பேன். திறப்பார். நான் நாக்கைப் பார்ப்பது போலப் பார்ப்பேன். மன்னி கஞ்சியோடு நின்றுகொண்டிருப்பாள். காயத்தின் ஓரத்தில் கொஞ்சம் சீழ் வந்து நின்றது. காய்ச்சல் இறங்கியது. பார்ப்பவர்கள் எல்லாம் பிழைத்துவிட்டார் என்று சொன்னார்கள். டாக்டர் மட்டும் சொல்லவில்லை. வாத்தியாரின் மனைவியும் ஆறின பிறகுதானே போனாள்?

இரண்டாவது வாரம் தொடங்கிய ஒரு காலை, அண்ணா வாயைத் திறக்கவில்லை.

“வேண்டாம்டா” என்றார், பல்லுக்கு நடுவில்.

“ஏன் அண்ணா?”

“வலிக்கறது.” கையைத் தாடையில் வைத்துக்கொண்டார். “ரெண்டு பக்கமும்.”

மன்னி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அது கல்தரையில் ணங்கென்றது. நான் அண்ணாவின் முதுகைப் பார்த்தேன், வளைகிறதா என்று. வளையவில்லை. மன்னி என்னைப் பார்த்தாள்.

“தினம் எதுக்கு வாயைத் திறக்கச் சொல்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிண்டிருக்கியா?” என்றாள். குரல் உயரவில்லை. “டாக்டரைக் கூப்பிடு.”

டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணாவின் தாடையில் இரண்டு கையையும் வைத்து, எலும்போடு தடவிப் பார்த்தார். கழுத்தின் பின்னால் கையை விட்டுத் தலையைத் தூக்கினார். தலை இலேசாக முன்னால் வந்தது. வயிற்றை அழுத்தினார். இளக்கமாக இருந்தது.

“எப்போதிலிருந்து வலி?”

அண்ணா சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, இங்கிலீஷில், “ராத்திரியெல்லாம் திறந்து பார்க்கிறேன்” என்றார்.

“எதை?”

“வாயை. இன்னும் திறக்கிறதா என்று. திறக்கும். உடனே மறுபடி சந்தேகம் வரும். மறுபடி திறப்பேன். விடியும்வரை.”

டாக்டர் அவர் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. “இப்போது ஒரு தடவை எனக்காகத் திறங்கள். வலித்தாலும் பரவாயில்லை.”

அண்ணா திறந்தார். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் முழுக்கத் திறந்தது. கடைவாய்ப் பல் தெரிந்தது. திறந்து திறந்து தாடைச் சதை புண்ணாகியிருந்தது, அவ்வளவுதான். டாக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பிறகு அவரைத் தனியே விட்டுத் திரும்பி வந்தேன்.

அண்ணா பிழைத்தார். துர்க்கா பூஜைக் கொட்டு கேட்கத் தொடங்கியபோது கோலை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சாச்சா நாள் முழுக்க அடுப்பில் ரொட்டி போடாமல் வெறும் விறகை எரித்தார். இருந்தாலும் செய்தி பரவிவிட்டது. பிணக் கத்தி வெந்த அடுப்பு என்று ஜனங்கள் அந்தக் கடையை விட்டு விலகினார்கள். டாக்டர் யாரிடமும் வாதாடவில்லை. தினமும் காலையில் அங்கே ஒரு ரொட்டி வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று, பிய்த்துப் பிய்த்துத் தின்பார். குளிர்காலத்துக்குள் பழைய வியாபாரம் பாதி திரும்பியது.

நீராவி எந்திரம் அதற்குப் பிறகுதான் வந்து இறங்கியது. தொட்டியின் மூடியைத் திருகி இறுக்கி, கீழே நெருப்பு வைத்தால் ஊதலோடு ஆவி கிளம்பும். முன்னறையையே ஆபரேஷன் அறையாக்கினோம். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் கத்தி பட்ட யாருக்கும் தாடை பூட்டவில்லை.

ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன்: “அது கத்தியில்தான் இருந்ததா, சார்? இல்லை அறையின் தூசியிலா? உங்கள் கையிலா, என் கையிலா?”

“தெரியாது” என்றார். “அறையையும் மாற்றிவிட்டோம், எந்திரத்தையும் மாற்றிவிட்டோம். இனி எப்போதும் தெரியாது.” கொஞ்சம் யோசித்து, “எந்திரம் வந்ததால் போயிற்றா, தானாகப் போயிற்றா என்பதும் தெரியாது” என்றார்.

நான் மூடியின் திருகுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். ஆவி ஏறும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார்.